படிவத்தில் இல்லாத இரைச்சல்

பலீல் நானாவின் வீட்டுத் தொலைபேசிக்குள் இரைச்சல் புகுந்தது ஒரு புதன்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. ரிசீவரைக் காதில் வைத்தால், பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாயை மூடிக்கொண்டு முனகுவது போல, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே "ங்ங்ங்". அதற்கு அப்பால் யாரோ பேசுவது கேட்கும். பேசுவது மனிதர் என்பதற்கு மேல் ஒன்றும் விளங்காது.

முதலில் அவர் தன் காதைச் சந்தேகித்தார். அறுபத்தாறு வயதுக்காரர் செய்ய வேண்டிய அடக்கமான காரியம் அது. மனைவி மஸூதா ரிசீவரை வாங்கிக் கேட்டுவிட்டு, "ஒங்கட காதுக்கு ஒன்டுமில்ல. வேற யாரையாச்சும் குத்தம் சொல்லுங்க" என்றதும் அவருக்குப் பெரிய ஆறுதலாகிவிட்டது. குற்றம் சொல்ல ஒரு நிறுவனம் தயாராகவே இருந்தது.

அதன் பெயர் தெளிவோசை இணையத் தொலைபேசிச் சபை. போன வருடம் அந்தச் சபையின் ஆட்கள் அலுவிகாரைக்கு வந்து, பலீல் நானாவின் அலுமாரிக்கு மேலே பச்சை விளக்குகள் மினுங்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். வீட்டுத் தொலைபேசியின் வாலை அதற்குள் செருகினார்கள். இனிமேல் குரல் இணையத்தில் போகும் என்றார்கள். எண் மட்டும் பழைய எண். நாற்பது பக்க உடன்படிக்கை ஒன்றையும் கொடுத்தார்கள். மாத்தளை மாவட்டத்திலேயே அதை முழுதாக வாசித்த ஒரே ஆள் பலீல் நானாவாகத்தான் இருக்கும். ஓர் அரச கந்தோரில் முப்பத்தொரு வருடம் லிகிதராக இருந்தவர் அவர். கடதாசியைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டார்.

வாசித்தபடியால் பதினான்காம் பிரிவும் அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் தம் வளவுக்கு வெளியே தொலைபேசிக் கம்பி கொண்டு செல்லலாகாது.

வாசித்து முடித்த அடுத்த வாரமே அவர் ஒரு கம்பியை வளவுக்கு வெளியே கொண்டு சென்றார்.

காரணம் ராசம்மா. பள்ளத்தில், பழைய தோட்டத்து எல்லையில் இருக்கிறாள். மிளகு பறித்தும் கொழுந்து பறித்தும் தேய்ந்த முழங்கால். மகள் தர்ஷிகா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அந்த வீட்டுக்காரி தன் வீட்டுத் தொலைபேசியில் பத்து நிமிடம் பேச விடுவாள். தர்ஷிகாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் பலீல் நானாவுடையது ஒன்றுதான். பள்ளத்தில் கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடையாது. ராசம்மா அந்தப் பத்து நிமிடத்துக்காக நாற்பது படி ஏறி வந்து, ஒரு வெள்ளிக்கிழமை பாதி வழியில் விழுந்தும் விட்டாள்.

அதற்குப் பிறகுதான் பலீல் நானா தன் கையாலேயே கம்பி இழுத்தார். ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, கிணற்று மோட்டருக்குப் போகும் கரண்ட் வயருக்கு எதிர்ப்பக்கமாக, நடைபாதையைக் கடந்து, ராசம்மாவின் குசினி அடுப்படி வரைக்கும். அங்கே ஒரு பழைய ஃபோன். வெள்ளிக்கிழமை மணி அடித்தால் அவள் அங்கேயே எடுப்பாள். பலீல் நானா தன் பக்கம் ரிசீவரைத் தொடமாட்டார். அடுத்தவர் பேச்சைக் கேட்பது ஆகாது.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதில் அவருக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. ஆகவே இந்த உதவியைப் பற்றி அவர் பன்னிரண்டு பேரிடம் மட்டுமே சொல்லியிருந்தார்.

இரைச்சல் வந்த முதல் வெள்ளிக்கிழமை, பள்ளத்திலிருந்து ராசம்மாவின் குரல் "ஹலோ, ஹலோ" என்று பத்து நிமிடமும் கேட்டது. பலீல் நானா இறங்கிப் போனார். அவள் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள அழுகுறாளா சிரிக்கிறாளான்னு கூடத் தெரியல நானா."

விஷயம் இதுதான். தர்ஷிகாவின் இரண்டு வருட ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வீட்டுக்காரி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாள். அம்மா என்ன சொல்கிறாளோ அதுதான் என்று மகள் சொல்லியிருந்தாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு இன்னும் இரண்டே வெள்ளி.

"அவகிட்ட நல்லா இருக்கியான்னு கேட்டா நல்லா இருக்கேம்மான்னுதான் சொல்லுவா" என்றாள் ராசம்மா. "வாய் பொய் சொல்லும் நானா. கொரல் சொல்லாது. கொரலக் கேட்டாத்தான் நான் இருன்னு சொல்றதா, வான்னு சொல்றதான்னு தெரியும்."

"நீ பயப்படாத ராசம்மா. நான் யாருன்டு நெனச்ச? முப்பத்தொரு வருஷம் கந்தோர்ல இருந்தவன். எந்தக் கதவத் தட்டினா எது தொறக்கும்ன்டு எனக்குத் தெரியும்."

மறுநாள் அவர் தெளிவோசையின் முறைப்பாட்டு எண்ணுக்கு அழைத்தார். முறைப்பாடு எந்த இணைப்பைப் பற்றியதோ அந்த இணைப்பிலிருந்தே அழைக்க வேண்டும் என்பது விதி. அவருடைய அழைப்பு மிகவும் பெறுமதியானது என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு, இசையைப் போட்டுவிட்டுப் போயிற்று. நாற்பது நிமிடம் இசை. அதற்குப் பிறகு ஓர் இளைஞன் வந்தான்.

"இரைச்சலா? நாங்க இவ்வளவு நேரமும் உங்கட லைனைப் பரிசோதிச்சிக்கொண்டுதான் இருந்தோம் சேர். இசை தெளிவாக் கேட்டிச்சா?"

"இசை கேட்டிச்சு. அதோட இரைச்சலும்..."

"இசை கேட்டா லைன் சரி சேர். அதுக்குத்தான் இசை போடுறது."

திங்கட்கிழமை காலையில் அவர் மாத்தளை நகரத்துக்குப் பஸ் ஏறினார். தெளிவோசையின் பிராந்தியக் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் ரிஸ்வி என்ற உத்தியோகத்தர் இருந்தார். முப்பது வயதிருக்கும், மெலிந்த, மரியாதையான ஆள். ஒரு படிவத்தை நீட்டினார். இரைச்சலின் வகையைத் தெரிவு செய்யவும்: கரகர, டக்டக், கீச், விட்டுவிட்டு, மௌனம்.

"எனக்கு இது ஒன்டும் இல்லயே தம்பி. எனக்கு 'ங்'."

"'ங்' இல்ல சேர். அப்ப 'வேறு' என்டதுல போடணும். அதுக்கு நீங்க செஞ்சி காட்டணும். நான் கேட்டுட்டு கையெழுத்து வைக்கணும்."

பலீல் நானா திரும்பிப் பார்த்தார். பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அதில் இரண்டு பேர் அவருடைய பள்ளிவாசல் ஜமாஅத்தார். தொண்டையைச் செருமி, தொப்பியைச் சரிசெய்து, கண்ணாடியின் ஓட்டைக்குக் கிட்ட வாயை வைத்து, "ங்ங்ங்" என்றார்.

"கொஞ்சம் சத்தமா சேர்."

"ங்ங்ங்ங்."

"இன்னும் கொஞ்சம் மூக்கால எடுங்க மாமா" என்றாள் பல்லேபொலவிலிருந்து வந்திருந்த ஒரு பெண். "எங்கட வீட்டுலயும் ஒருக்கா வந்திச்சி. அது மூக்காலதான்."

மூக்காலும் எடுத்தார். கந்தோர் முழுதும் அமைதியாகி, எல்லாக் கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்தும் தலைகள் திரும்பின. ரிஸ்வி எழுதி, முத்திரை குத்தி, ஒரு பிரதியைக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போதுதான் பலீல் நானா அதை வாசித்தார்.

"வாடிக்கையாளர் எனது முன்னிலையில் இரைந்தார். இரைச்சல் வாடிக்கையாளரிடமிருந்தே வருகிறது என உறுதிப்படுத்தப்படுகிறது."

இரண்டாம் வெள்ளிக்கிழமையும் போயிற்று. ராசம்மா அன்று "ஹலோ" என்றுகூடச் சொல்லவில்லை. பத்து நிமிடமும் ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரைச்சலுக்குள்ளே மகளைத் தேடினாள்.

பரிசோதனைக் குழு அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. பலீல் நானா உடன்படிக்கையைத் தேடி எடுத்தார். பதினான்காம் பிரிவு! ஜன்னலில் கம்பி வெளியே போவது கண் உள்ள எவருக்கும் தெரியும். செவ்வாய் காலையில் அவர் ஜன்னலுக்கு ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டைக் கட்டி, அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, அதில் தானே உட்கார்ந்தார்.

"இந்தக் கம்பியாலதான் இரையுதோ என்னமோ" என்றாள் மஸூதா.

"நான் இழுத்த கம்பியா? நல்ல எண்ணத்தோட, நீயத்தோட, அல்லாஹ்வுக்காக இழுத்த கம்பி. அதுலயா கோளாறு வரும்?"

"நீயத்துக்குக் கோளாறு வராது. கம்பிக்கு வரும்தானே."

மார்க்க விஷயத்தில் பெண்டாட்டி வென்றுவிட்டால் பலீல் நானா தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்டத் தொடங்கிவிடுவார்.

வேனில் மூன்று பேர் வந்தார்கள். இரைச்சலைக் கேட்பவர் அன்ஸாப். அவர் கேட்டதை உறுதிப்படுத்துபவர் ஒருவர். எழுதுபவர் ரிஸ்வி. கம்பியைத் தொடுபவர் இவர்களில் இல்லை. அவர் கம்பிப் பிரிவு. அந்தப் பிரிவை அழைக்க, கேட்கும் பிரிவு முதலில் கேட்க வேண்டும்.

அன்ஸாப் கையை உதறி, கண்ணை மூடி, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஊர் முழுவதும் கரண்ட் போயிற்று. அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன.

அன்ஸாப் நீண்ட நேரம் கேட்டார். "இரைச்சல் இல்லை" என்றார்.

மற்றவர் வாங்கிக் கேட்டார். "இல்லை" என்று உறுதிப்படுத்தினார்.

"பெட்டியே செத்துப் போச்சே! ஃபோன்ல ஒன்டுமே இல்லயே!" என்று கதிரையில் இருந்தபடியே கத்தினார் பலீல் நானா. எழுந்தால் பெட்ஷீட்டுக்குக் கீழே கம்பி தெரியும்.

"அது 'மௌனம்' சேர். வேற முறைப்பாடு. அதுக்கு வேற படிவம்" என்றார் அன்ஸாப். "நாங்க வந்தது இரைச்சலுக்கு. இவ்வளவு சுத்தமான லைனை நான் இந்த வருஷம் கேக்கல்ல."

எழுதிக்கொண்டிருந்த ரிஸ்வி தலையைத் தூக்கினார். "வேற கம்பி ஏதாச்சும் வெளியே போகுதா சேர்?"

"என் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒன்டும் போகல்ல" என்றார் பலீல் நானா. பெட்ஷீட் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தபடியால் அந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மை. அன்று மாலை மஃரிப் தொழுகையில் நின்றபோது அந்த உண்மை தொண்டையில் மீன் முள்ளைப் போலக் குத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை முகாமையாளரைப் பார்க்கக் கிடைத்தது. நாளைக்குக் கடைசி வெள்ளி. முகாமையாளர் நூருன்னிஸா மேடம் எழுந்து நின்று வரவேற்றார்.

"சேருக்கு என்னை ஞாபகம் இருக்காது. பதினைந்து வருஷத்துக்கு முந்தி ஒரு சான்றிதழ்ப் பிரதி எடுக்க உங்கட கந்தோருக்கு வந்தேன். நீலப் பேனையால எழுதினதுக்கு ஒருக்கா திருப்பி அனுப்பினீங்க. கறுப்பால எழுதிக்கொண்டு வந்தேன். குண்டூசி இல்லைன்டு அனுப்பினீங்க. குண்டூசியோட வந்தேன், தேத்தண்ணி நேரம்ன்டீங்க. அண்டைக்கு எனக்கு கெம்பஸ்ல படிக்கிறதுக்குக் கிடைச்ச இடம் போயிட்டு."

பலீல் நானா தொப்பியைச் சரிசெய்தார். "மகள், அது வந்து..."

"இல்ல சேர், நான் கோவிக்கல்ல. அண்டைக்குத்தான் நிர்வாகம் என்டா என்னன்டு வெளங்கினது. ஒரு மனுஷர் முன்னால நிக்கும்போது அவரைப் பார்க்காம கடதாசியை மட்டும் பார்க்க ஏலும்ன்டு நீங்கதான் காட்டித் தந்தீங்க. இங்க புதுசா வாறவங்களுக்கு நான் உங்களப் பத்தித்தான் பாடம் எடுக்குறது. எங்கட சபையில போன வருஷம் தொள்ளாயிரம் முறைப்பாடு முடிச்சிருக்கிறோம். திருத்தினது அல்ல, முடிச்சது. திருத்துறது கம்பிப் பிரிவுட வேலை. அதுல ரெண்டு பேர்தான் இருக்கிறாங்க. முடிக்கிறதுக்கு எங்கிட்ட நாற்பது பேர் இருக்கிறாங்க."

இப்படியொரு பாராட்டை பலீல் நானா வாழ்க்கையில் பெற்றதில்லை. ஓய்வு பெறும்போது அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம்தான் கொடுத்தார்கள்.

"உங்களுக்காக ஒரு விசேஷ ஏற்பாடு" என்று தொடர்ந்தார் மேடம். "உங்கட எண்ணை மாத்திடுவோம். முறைப்பாடு பழைய எண்ணுக்குத்தானே. எண் இல்லாமப் போனா இரைச்சலும் கணக்குல இல்லாமப் போகும்."

"அந்த எண்ண மட்டும் மாத்த ஏலாது மகள்."

"ஏன் சேர்?"

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். குவைத்தில் ஒரு பெண் அந்த எண்ணைத்தான் மனதில் வைத்திருக்கிறாள் என்று சொன்னால், அவள் ஏன் உங்கள் வீட்டுக்கு அழைக்கிறாள் என்ற கேள்வி வரும். அதன் பதில் ஜன்னல் வழியாக வெளியே போய், கிராம்பு மரத்தடியால், பள்ளத்தில் ஒரு குசினியில் முடியும். ராசம்மா ரிசீவரை மடியில் வைத்திருந்தது அவருக்கு நினைவு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முழங்கால், நாற்பது படி, கம்பி, பெட்ஷீட், பூப்போட்டது என்பது உட்பட.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "பதினான்காம் பிரிவு! அப்பிடின்டா இது இரைச்சல் விஷயமே இல்லயே சேர். கம்பி அகற்றல் விஷயம். தொண்ணூறு நாளைக்குள்ள ஆள் வருவாங்க. அதுவரைக்கும் இரைச்சல் இடைநிறுத்தம்."

"இரைச்சல் நிக்குமா?"

"முறைப்பாடு நிக்கும்."

படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ரிஸ்வி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"சேர், நான் உள்ளுக்குச் சொல்ல ஏலாது. அந்தக் கம்பி போற வழியில எங்கயாச்சும் கரண்ட் வயரோட ஒட்டிப் போகுதா?"

"இல்லயே. நான் எதிர்ப்பக்கமாத்தானே இழுத்த."

"ஒருக்கா போய்ப் பாருங்க. ஒட்டிப் போனா 'ங்' தான் வரும். பிரிச்சி ஒரு முழம் தள்ளி விட்டா சரி. எங்கட உம்மாட வீட்டுலயும் இதே கதைதான்."

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி!"

"அதுக்குத்தானே வேற கம்பி போகுதான்டு கேட்டேன்" என்றார் ரிஸ்வி. அவர் சிரிக்கவில்லை. "நீங்க கதிரையில இருந்து எழும்பவே இல்லயே சேர்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பலீல் நானா நேரே நடைபாதைக்கு வந்து நின்று தலையை நிமிர்த்தினார். தினமும் ஐந்து நேரம் அவர் பள்ளிவாசலுக்குப் போகும் பாதை அது. பார்வையைத் தாழ்த்தி நடப்பவர். அது மார்க்கப் பேணுதல் என்று அதையும் சிலரிடம் சொல்லியிருந்தார்.

கம்பி அவர் இழுத்த இடத்தில் இல்லை. கிணற்று மோட்டருக்குப் போகும் கரண்ட் வயரோடு சேர்த்து, சாணுக்கு ஒரு முடிச்சாக, பழைய சேலைக் கிழிசல்களால் நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தது. பூச்சரம் கட்டியது போல.

ராசம்மாவின் தம்பி மாடசாமி வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தான்.

"மாடசாமி, இது யாரு கட்டின?"

"நாந்தாங்க நானா. அக்காதான் கட்டச் சொல்லுச்சு. அந்தப் பெரிய மழையில கம்பி தொங்கிப் போச்சுல்ல, அதுக்கு மறுநா."

"எந்த நா?"

"புதன்கிழமைங்க."

ராசம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "கழுத்தளவுக்குத் தொங்கிருச்சு நானா. நீங்க விடியக்காலையில இருட்டுல அந்தப் பக்கமாத்தானே தொழப் போவீங்க. குனிஞ்சுக்கிட்டே வருவீங்க, மேல பாக்க மாட்டீங்க. மாட்டிக்கிட்டா என்னாகிறது? அதான் தூக்கிக் கட்டச் சொன்னேன். ஏன், அதுனால ஏதும்...?"

பலீல் நானா மறுபடியும் மேலே அந்த முடிச்சுகளைப் பார்த்தார். அவர் செய்த உதவி பன்னிரண்டு பேருக்குத் தெரியும். ராசம்மா செய்தது, யாருடைய கழுத்துக்காகச் செய்தாளோ அவருக்கே தெரியாது. இதற்கு நடுவில் அவர் மாத்தளை நகரத்தில் மூக்கால் இரைந்து காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"ஒன்டுமில்ல ராசம்மா. நல்ல முடிச்சி. ஆனா கழட்டணும்."

மேலே மஸூதா மோட்டருக்குப் போகும் கரண்டை நிறுத்தினாள். மாடசாமி ஏணி வைத்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். கம்பியைத் தனியே பிரித்து, கிராம்பு மரத்தின் கவட்டில் போட்டான். மஸூதா மறுபடி கரண்டைப் போட்டாள். ராசம்மாவின் குசினியில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார் பலீல் நானா. "டீ..." என்று தொலைபேசியின் சொந்தச் சத்தம் மட்டும் கேட்டது. சுத்தமாக.

"நானா, இப்பக் கொஞ்சம் தொங்குது. நாளைக்குக் கம்பு நட்டுத் தூக்கிர்றேன்" என்றான் மாடசாமி.

"இப்ப நேரமில்ல. எறங்கு, எறங்கு."

நான்கு மணிக்கு மணி அடித்தது. பலீல் நானா தன் வீட்டுக் கூடத்தில், ரிசீவரைத் தொடாமல், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஸூதா யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் கழிந்து இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தார். பிறகு பொறுக்க முடியாமல் நாற்பது படியும் இறங்கினார்.

ராசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கேம்மான்னுதான் சொன்னா" என்றாள். "அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அழுதா நானா. நல்லாக் கேட்டுச்சு."

"அப்ப?"

"வாடின்னு சொல்லிட்டேன். கையெழுத்து வைக்க மாட்டா. வந்துருவா."

இரண்டு வாரம் கழித்துத் தெளிவோசையிடமிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. இடைநிறுத்தி வைக்கப்பட்டிருந்த இரைச்சல், சபையின் அனுமதியின்றி நீக்கப்பட்டிருப்பது கருவிகள் மூலம் தெரிய வந்துள்ளது; நீக்கியவர் யார், இரைச்சல் எங்கிருந்து வந்தது என்ற விபரங்களை இணைப்புப் படிவத்தில் தரவும். கறுப்புப் பேனையால்.

பலீல் நானா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாக நிரப்பினார். நீக்கியவர்: உங்கள் உத்தியோகத்தர் ஒருவர், கடமை நேரத்தில், படியில் வைத்து. அதை வெட்டிவிட்டு, "தெரியாது" என்று எழுதினார். ரிஸ்விக்கு ஒரு பாடம் எடுக்க மேடத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது. உடனே மீன் முள் ஞாபகம் வந்தது. அதையும் வெட்டிவிட்டு, "நல்ல மனிதர்கள்" என்று எழுதினார். இரைச்சல் வந்த இடம் என்ற கட்டத்துக்கு நேரே, "உங்கள் முதலாவது அறிக்கையே சரி. வாடிக்கையாளரிடமிருந்து" என்று எழுதி, குண்டூசியும் குத்தி அனுப்பினார்.

கம்பி அகற்ற ஆட்கள் வர இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் தர்ஷிகா வந்துவிடுவாள். வந்த பிறகு அவரே கழற்றிக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறார்.

மாடசாமி கம்புடன் வந்தபோது அவர் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். கம்பி இப்போதும் நடைபாதைக்கு மேலே கழுத்தளவில் தொங்குகிறது. விடியற்காலையில் சுபஹுக்குப் போகும்போது பலீல் நானா டார்ச் அடித்து மேலே பார்த்துக்கொண்டே வருவார். கிராம்பு மரத்தடிக்கு வந்ததும் நிற்பார். பிறகு ராசம்மாவின் வீட்டுப் பக்கமாக நன்றாகக் குனிந்து, கம்பிக்குக் கீழால் அந்தப் பக்கம் போவார்.

இதை அவர் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.